சுரங்க வேலையை விசாரிக்கக் குற்றாலம் போனோம்

இலத்தூரிலிருந்து புறப்பட்டவர்கள் நான், என் வீட்டுக்காரர், என் தம்பி சுப்பையா, அவன் மனைவி வேலம்மாள், வண்டிக்காரர் மாடசாமி. தம்பிக்குத் திருவேங்கடத்தில் கரிசல் நிலம். இரண்டு வருஷமாக மழை இல்லை. மைசூர்ச் சீமைத் தங்கச் சுரங்கத்துக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு ஒருவர், குழிக்கு மேலே கல் அரைக்கும் மில்லில் வேலை, இருக்க வீடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறார். ஆவணி பிறந்ததும் போக வேண்டுமாம். அதற்குள் சுவாமியிடம் கேட்டு உண்மை தெரிய வேண்டும் என்றுதான் ஆனிக் கடைசியில் இந்தப் பயணம்.

விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி பூட்டினோம். தென்காசி ஐந்து மைல்; குற்றாலமும் போய்த் திரும்ப வாடகை ஒரு ரூபாய். வழியெல்லாம் தம்பி சுரங்கத்தின் பெருமையே பேசினான்.

"ஏஜெண்டு வாயக் கேட்டா மண்ணுக்குள்ளயும் மல்லியப்பூ மணக்கும்," என்றார் மாடசாமி.

"நீரு மாட்டப் பாத்து ஓட்டும்வே," என்றான் தம்பி.

தென்காசியில் மொட்டைக் கோபுரத்தைத் தாண்டி உள்ளே போய், சுவாமி சந்நிதியில் பூக்கட்டிப் பார்த்தோம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. வேலம்மாள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். வெள்ளை. தம்பிக்கு முகம் மலர்ந்தது, அவளுக்கு மலரவில்லை.

"சாமியே சொல்லிட்டாருல்லா. இனி யாருட்ட கேக்கணும்க்கா?"

அங்கிருந்து மூன்று மைலில் குற்றாலம். நல்ல சாரல். பெண்கள் பக்கம் எண்ணெய் தேய்த்து ஊறிக்கொண்டிருந்தோம். வேலம்மாளுக்குக் கை எட்டாத முதுகில், பக்கத்திலிருந்த அம்பாசமுத்திரத்து அம்மாள் ஒருத்தி தானாகவே தேய்த்துவிட்டாள். பேச்சில் சுரங்கம் வந்ததும் அந்தக் கை நின்றது.

"குழி வேலையா, மேல் வேலையா?"

"மில்லுன்னுதான் சொன்னாவ," என்றாள் வேலம்மாள்.

"எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தாம்மா சொன்னாவ. போன பொறவு குழியில எறக்கிட்டாவ. ஏழு வருசம். சங்கு நேரந்தப்பி ஊதுனா குழியில ஆபத்துன்னு அர்த்தம்; உலைய அப்படியே போட்டுட்டு, கம்பெனி லைன் வீட்டுப் பொம்பளைய அம்புட்டுப் பேரும் ஓடுவோம். அந்தா, ஆம்பளையள் பக்கம் இருமிக்கிட்டு நிக்காருல்லா, அவருதான்."

அவளே மேலும் சொன்னாள்: "நாங்க ஊருக்குத் திரும்பி வந்து பத்து வருசமாச்சு. இப்பம் எப்படியோ, நான் பொய் சொல்லக் கூடாது. அங்கன இப்பம் சமைச்சுப் போடுதவ ஒருத்திட்ட கேளுங்க. ஏஜெண்டுட்ட கேக்காதிய."

திரும்பும்போது அந்த அம்மாள் சொன்னதையெல்லாம் வண்டியில் தம்பியிடம் சொன்னோம். எனக்கு மட்டும் ஒன்று விளங்கியது. போகலாமா என்று கேட்டோம், சுவாமி பதில் சொன்னார். எந்த வேலைக்கு என்று நாங்கள்தான் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல அருவிக்கரையில் ஆள் அனுப்பிவைத்த கருணைக்கு என்ன கைம்மாறு செய்வேன். இலத்தூர் வந்து இறங்கியதும், "எழுதிக் கேளுக்கா. பதில் வரட்டும்," என்றான் தம்பி.

குற்றாலம் போகிறவர்கள் எண்ணெயும் சீயக்காயும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்; அங்கே விலை அதிகம். சுரங்கத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும், எந்த வேலை, எந்த வருஷத்து விஷயம் என்று இரண்டையும் கேளுங்கள்.

இதைப் படிக்கும் சகோதரிகளில் யாராவது அந்தச் சுரங்க லைன் வீட்டில் இப்போது இருந்தால், புதிதாக வருகிறவர்களை மில்லில் வைக்கிறார்களா, குழியில் இறக்குகிறார்களா என்று இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு எழுதுங்கள். ஆடி முடிவதற்குள் பதில் வேண்டும்.