முதலில் வந்த பக்கம்

நான் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்குக் கட்டுரை எழுதுகிறேன் என்றுதான் என் வீட்டார் நம்பினார்கள். நம்பும்படி விட்டவள் நான். உண்மையில், நோயாளிகளின் பயத்தில் விளம்பரம் ஒட்டிப் பிழைத்தேன். அதனால் என் அக்காவின் கணவர் தம் காலை இழந்தார். அக்காவிடம் இதை நான் இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு இணைய இணைப்பு வந்த புதிது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வேலையின்றி இருந்த நான், சொந்தமாக ஓர் ஆங்கில இணையதளம் தொடங்கினேன்; அதில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் கிடைக்கும். தேடுபொறியில் உலகம் எந்தச் சொற்களைத் தட்டுகிறது, எந்தச் சொல்லுக்கு விளம்பரக்காரர் கூடுதலாகக் கொடுக்கிறார் என்று காட்டும் கருவி ஒன்று உண்டு. பகலெல்லாம் அதன் முன் அமர்ந்திருப்பேன். 'சர்க்கரை நோய்' என்ற சொல்லைப் பெரிய தளங்கள் மறித்துக்கொண்டு நின்றன. ஆனால் 'சர்க்கரைப் புண்ணை விரல் எடுக்காமல் ஆற்றுவது எப்படி' என்ற நீண்ட தொடருக்கு எவரும் பதில் எழுதி வைக்கவில்லை. தேடுவோரோ ஏராளம்!

அவ்வளவு நீளமாகத் தட்டுகிறவர்கள் யார் என்று நான் யோசித்திருக்க வேண்டாமா? மருத்துவர் சொன்னதைக் கேட்டு நடுங்கி, வேறு பதிலுக்கு ஏங்கி நிற்பவர்கள்... அவர்கள் விரும்பிய பதிலையே எழுதினேன். மஞ்சள், வேப்பெண்ணெய், தேன். அவசரப்பட வேண்டாம், சில வாரங்கள் பொறுத்துப் பாருங்கள் என்று ஓர் அறிவுரை. மேலே ஒரு மருத்துவரின் பெயர். அப்படி ஒருவர் இல்லவே இல்லை. படிப்பவர்கள் கண்காணாத தேசத்தார்தானே என்ற துணிச்சல்!

மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். வெறுங்காலோடுதான் புஞ்சையில் இறங்க வேண்டும். விளாத்திகுளத்துக்கு அருகே தம் புஞ்சையில் அப்படி இறங்கிய அத்தானின் கால்விரலில் பருத்தி எடுத்தபின் வெட்டிய பருத்திமாரின் அடிக்கட்டை ஏறியது. சர்க்கரை நோயால் மரத்திருந்த கால், வலிக்கவில்லை. புண் கறுத்த பிறகே பார்த்தார். விரலை உடனே எடுத்தாக வேண்டும் என்றார் மருத்துவர். அக்காவும் அத்தானும் அங்கிருந்து நேரே என்னிடம் வந்தார்கள்.

"ஏட்டி, நீதான் டாக்டர் பத்திரிகைக்கே எழுதுதியே. வெரல எடுக்காம ஆத்த வழியிருக்கான்னு இந்தக் கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு," என்றாள் அக்கா.

"எடுத்தா எடுத்துட்டுப் போறான். மிச்சம் ஒம்போது இருக்குல்லா?" என்று சிரித்தார் அத்தான்.

"நீங்க சும்மா இருங்க. ஒத்த வெரலு இல்லாம வரப்புல எப்படி நடப்பீக?"

அக்கா கேட்டதை ஆங்கிலத்தில் தட்டினேன். முதலில் வந்தது என் பக்கம்.

மாதக்கணக்காக நான் ஏங்கிய இடம் அது. முதலிடம்! ஒரு கணம்... எப்படிச் சொல்வேன்... ஒரு கணம் மகிழ்ந்தேன்.

"மொதல்ல வந்திருக்குன்னா அதுதான் சரியா இருக்கும். படிட்டி," என்றாள் அக்கா.

நாள்தோறும் அந்நேரத்துக்கு மின்சாரம் போகும். போய்விடாதா என்று வேண்டினேன். அன்று போகவில்லை. வேறு பக்கத்தைத் திறந்திருக்கலாம். இது நான் எழுதிய பொய் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பத்திரிகை பொய்யாகும். தெருவெல்லாம் சொல்லி அம்மா பூரித்த மகள் பொய்யாவாள்... என் ஆங்கிலத்தை நானே தமிழாக்கி, யாரோ எழுதியதைப் போல நிதானமாக வாசித்தேன். ஒரு சொல்லில்கூட என் குரல் தடுமாறவில்லை!

"பாத்தீகளா, டாக்டரே பொறுக்கச் சொல்லுதாரு."

அத்தான் குனிந்து தம் விரலைப் பார்த்து, "ஏலே, பொழச்சுக்கிட்ட," என்றார்.

அக்கா வேப்பெண்ணெயைக் காய்ச்சி, மஞ்சளும் தேனும் சேர்த்துப் பூச, பொறுத்தார்கள். விரலோடு முடிந்திருக்க வேண்டியது முழங்கால்வரை போயிற்று. புஞ்சை தரிசாயிற்று. சில ஆண்டுகளில் அத்தானும் போய்ச் சேர்ந்தார்.

கால் போன அன்றே அந்தப் பக்கத்தை அழித்தேன். அதற்குள் அதை வேறு பலர் எடுத்துத் தங்கள் தளங்களில் போட்டிருந்தார்கள், இல்லாத அந்த மருத்துவரின் பெயரோடு. இன்றும் தேடினால் கிடைக்கும். தேடிப் பார்க்கிறேன்... ஏன் பார்க்கிறேன்?

அக்கா குற்றம் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னைச் சொல்வதில்லை. கீரை ஆய்ந்துகொண்டே, "எண்ணெயை நாந்தான் சூடு கூட்டிட்டேனோ என்னமோ. நீ சரியாத்தான் படிச்சுச் சொன்ன," என்பாள்.

"அதெல்லாம் இல்லக்கா," என்பேன். என் பாரத்தை அவள் சுமக்கிறாள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவும் போய்விட்டாள். அத்தான் ஊர் வீட்டைப் பூட்டிவிட்டு அக்கா என்னோடு வந்துவிட்டாள். இப்போது இந்த வீட்டில் அவளும் நானும்தான் இருக்கிறோம்.