எலுமிச்சைக்கு ஊற்றிய மோர்

கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியில், செடிக்கு மருந்தே அடிக்காதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய், அசுவினிக்கு இஞ்சி பூண்டு பச்சைமிளகாய்க் கரைசல் என்று கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன். அந்தத் திமிர்தான் இந்த ஏப்ரலில் என்னைக் கவிழ்த்தது.

மேல்வீட்டு அக்கா தெலுங்கர். ஏ.எஸ்.ராவ் நகரில் தமிழ்க் குடும்பங்கள் நடுவே நெடுநாள் இருந்தவர் என்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார். மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும்போது ஒரே ஒரு தொட்டியை என் பால்கனியில் இறக்கி வைத்தார். போன வருடம் அவருடைய கணவர் இறப்பதற்கு முந்தைய மாதம் தன் கையால் ஒட்டுக் கட்டிய எலுமிச்சை. ஒட்டைச் சுற்றி அவர் கட்டிய வேட்டிக் கிழிசல் இன்னும் அப்படியே இருந்தது.

“நீள்ளு மட்டும் ஊத்தும்மா. வேற எதுவும் வத்து,” என்றார் அக்கா. தண்ணீர் மட்டும் போதும், வேறெதுவும் வேண்டாம். எனக்குப் புரியாத தெலுங்கு இல்லை அது.

வெயில் ஏறியதும் பூக்கள் உதிர ஆரம்பித்தன. சும்மா விட்டிருந்தால் தானே நின்றிருக்கும். நான் விடுவேனா? பூ உதிர்ந்தால் புளித்த மோரும் பெருங்காயமும் என்பது எனக்கு மனப்பாடம். மூன்று நாளுக்கு ஒருமுறை புளித்த தயிரைக் கடைந்து, இலைகளில் தெளித்து, மீதியை வேரில் ஊற்றினேன். இரண்டாவது வாரம் இலை நுனிகள் கருகின. ஏதோ நோய் என்று நினைத்து அளவைக் கூட்டினேன்.

ஒரு மதியம், பாத்திரத்தில் மிச்சமிருந்ததை என் வீட்டுக்காரர் டம்ளரில் ஊற்றிக் குடித்தார்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே,” என்றார்.

டம்ளரைப் பிடுங்கி நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் மோர் கடைந்தால் கையோடு கல்லுப்பும் விழும். கோடை முழுக்க நீர்மோர் கலக்கிப் பழகிய கை, செடிக்குக் கடைந்தபோதும் தன்பாட்டுக்கு அள்ளிப் போட்டிருக்கிறது. ஐந்து தடவை. முதல் தடவையே குடித்துத் தொலைத்திருக்கக் கூடாதா என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன். நியாயமே இல்லை, தெரியும்.

வேரிலிருந்து உப்பைக் கழுவ வாளி வாளியாகத் தண்ணீர் வேண்டும். எங்களுக்கோ அப்போது டேங்கர் தண்ணீர், அதுவும் காலையில் ஒரு மணி நேரம்தான். இருவரும் அரை வாளியில் குளித்தோம். மிச்சம் பிடித்ததெல்லாம் தொட்டியின் அடித்துளை வழியே ஓடியது. அப்படியும் இலைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தன.

ஞாயிறுதோறும் அக்கா வீடியோ காலில் செடியைக் காட்டச் சொல்வார். முந்தைய ஞாயிறு நல்ல பக்கத்தைத் திருப்பிக் காட்டித் தப்பித்திருந்தேன். இந்த ஞாயிறு நல்ல பக்கம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

“அக்கா, நான் மோர் ஊத்திட்டேன். உப்பு போட்ட மோர்.”

அவர் திட்டியிருந்தால் தேவலை. தண்டை நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். அடித்தண்டில் கீறினேன். பச்சை தெரிந்தது; உயிர் இருக்கிறது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

“அது வேற செடிம்மா. துணிக்கு மேல கீறு.”

ஒட்டுக்குக் கீழே இருப்பது வேர் தரும் வேறு செடி; மேலே இருப்பதுதான் அவர் கணவரின் எலுமிச்சை. இரண்டே கிளைகள். முதல் கிளையில் பட்டைக்கு அடியில் காய்ந்த பழுப்பு. இரண்டாவதில் நகத்தை வைக்கவே பயமாக இருந்தது. அக்காவின் முகம் திரைக்கு மிக அருகே வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கீறினேன்.

நூலளவு பச்சை இருந்தது. ஃபோனை அதன் அருகே பிடித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

“ஃபோனை அங்கயே வெச்சிட்டு நீ கொஞ்சம் உள்ள போம்மா,” என்றார்.

தொட்டி விளிம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே வந்து பால்கனிக் கதவைச் சாத்தினேன். வெளியே அவர் அந்தக் கிளையோடு தெலுங்கில் மெல்லப் பேச ஆரம்பித்தார்.