என் இனிஷியலைத் தூக்கிய பான் நம்பர்

வட்டக்கானலில் ரோடு இல்லாத காலத்தில், கழுதை முதுகில் மணல் ஏற்றிக் காட்டேஜ் கட்டியவன் நான். இந்தச் சரிவில் அஸ்திவாரம் நிற்காது என்றார் இன்ஜினியர். நிற்கிறது. ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டு வாசலுக்கே கொண்டுவந்தேன். படிப்பு? ஐந்தாம் வகுப்பு. ஆன்லைனில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யவும் நானாகத்தான் கற்றுக்கொண்டேன் — மனைவி பாக்கியத்தின் பெயரில். சொத்தை வீட்டுக்காரி பெயரில் வாங்குவதுதானே நம் வழக்கம்? பெயர் அவளுக்கு, பாஸ்வேர்டு எனக்கு!

போன மாதம் அந்தப் பாஸ்வேர்டு செத்துப்போனது.

பாக்கியத்திடம் இரண்டு பான் கார்டு இருந்ததாம். ஒன்று, மகளிர் குழுவுக்காக வங்கிக் கணக்கு தொடங்கியபோது அவளே எடுத்தது. அதில் அவள் அப்பா இனிஷியல். தாலி கட்டிய நான் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது மாமனார் எழுத்து எதற்கு? என் இனிஷியலோடு இன்னொன்று எடுத்தேன். பழையதைத் திருத்தியிருக்க வேண்டுமாம். புதிதாக எடுத்தது தப்பாம். கொடைக்கானலில் இருக்கும் ஆடிட்டர் பெண் சொல்கிறார்.

"அங்கிள், ஒருத்தருக்கு ஒரு நம்பர்தான். ஆதாரோட லிங்க் ஆனது அவங்க அப்பா இனிஷியல் கார்டு. நீங்க எடுத்ததை சரண்டர் பண்ணியாச்சு."

"ஏம்மா, காட்டேஜை நான் கட்டுனேனா, எங்க மாமனார் கட்டுனாரா?"

"அது போர்ட்டலுக்குத் தெரியாது அங்கிள்."

எத்தனையோ படித்தவர்கள் கூடிச் செய்த போர்ட்டல்... இது கூடவா தெரியாது?

மாமனார் இனிஷியல் நம்பரில் உள்ளே போனால், நான் வருஷா வருஷம் தாக்கல் செய்த கணக்கு ஒன்றையும் காணோம். பாக்கியம் இப்போதுதான் பிறந்த மாதிரி இருந்தாள்! ரூம் புக்கிங் கம்பெனி எங்களிடம் பிடித்த வரி மட்டும் செத்த நம்பரிலேயே தங்கிவிட்டது. கம்பெனிக்கு போன் போட்டேன். ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு... மனுஷக் குரல் வந்ததும் நான் போட்ட சத்தத்தில் லைனே கட்டாகிவிட்டது.

பாக்கியம் போனை வாங்கி மறுபடி போட்டாள். "ஏந்தாயி, சாப்பிட்டியா?" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். வரி அவள் நம்பருக்கு வந்துவிட்டது. இதற்குப் பெயர் திறமையா? தற்செயல் என்பேன் நான்.

தாக்கலுக்கு நேற்று கடைசி நாள். தவறினால் அபராதம். எல்லாம் நிரப்பிவிட்டேன். பாக்கி ஒரே ஒரு ஓ.டி.பி. முன்பு என் போனுக்கு வரும். இப்போது அந்தக் கார்டோடு பதிந்திருக்கும் அவள் போனுக்கு. அவளோ மாடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ பாக்கியம், வெரசா அந்த நம்பரைச் சொல்லு!"

"எதுக்குங்க?"

"கையெழுத்துக்குப் பதிலு. சொல்லு!"

"என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க. கேட்டுட்டுச் சொல்றேன்."

"இத்தனை வருசம் கேட்டியா நீ?"

"இத்தனை வருசம் எங்கிட்ட நம்பர் கேட்டீங்களா நீங்க?"

படித்தேன். வேறு வழி? மூடுபனி ஏற ஏற சிக்னல் இறங்குகிறது. ஓ.டி.பி. காலாவதி. மறுபடி அனுப்பச் சொன்னேன். பாதியில் நிறுத்தினாள்.

"காட்டேஜ் யாருதுன்னு போட்டிருக்கு?"

"உன்னுதுன்னுதான்."

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

"உன்னுதுதான்டீ!"

பக்கத்து ரூம் பெங்களூர்க்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்புறம்தான் நம்பர் வந்தது. கூடவே ஒரு அறிவிப்பும்:

"அடுத்த வருசம் நானே போட்டுக்கிறேன். உங்க சோலியைப் பாருங்க."

தாக்கல் முடிந்தது. ஒப்புகை மெசேஜ் அவள் போனுக்கு, அவள் அப்பா இனிஷியலோடு. எனக்கு? ஒரு 'டிங்' கூட இல்லை.

வருமான வரித் துறையினரே, படிவத்தில்தான் ஆயிரம் கட்டம் வைத்திருக்கிறீர்களே... 'இதற்கெல்லாம் பாடுபட்டவர்' என்று இன்னும் ஒன்று வைத்தால் குறைந்தா போய்விடும்? வையுங்கள். என் பெயரை நானே நிரப்பிக்கொள்கிறேன் — அதற்கும் அவளிடம் ஓ.டி.பி. கேட்கச் சொல்லாதீர்கள்!