டாலஸிலிருந்து ஹூஸ்டன் ஒரு மணி நேரம்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒற்றை லாரியைப் பதினாறு லாரியாக்கியவன் நான். தூரக் கணக்கில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. டாலஸ் விமான நிலையத்தில் பக்கத்து இருக்கைக்காரரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதிருக்கும். அழுக்கே இல்லாத மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஹூஸ்டன் விமானம் தாமதம் என்று அறிவித்ததும் எழுந்துவிட்டார்.

"அங்கிள், ஹூஸ்டன்ல அண்ணன் மவுத்தாயிட்டாங்க. சாயந்திரம் அஸர் தொழுதுட்டு அடக்கம். இப்ப கார் எடுத்தா நாலு மணி நேரம். டிரைவ் பண்ணிடவா?"

"ரோட்டை நம்பாதீங்க தம்பி. பறந்தா ஒரு மணி நேரம். நான் பார்க்காத தூரமா?"

உட்கார்ந்தார்.

விமானம் ஐந்து மணி நேரம் கழித்துத்தான் கிளம்பியது. தரையிறங்கியதும் போனைப் பார்த்தார். அடக்கம் முடிந்திருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எட்டி என் பையை எடுத்துக் கொடுத்தார்.

"நீங்க சொன்ன மாதிரியே, பறந்தது ஒரு மணி நேரம்தான் அங்கிள்."

திட்டியிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரியும். அவர் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி, துடைக்காமலும் போட்டுக்கொள்ளாமலும் நடந்து போனார்.