முன்பக்கத்து இரண்டு டயர்கள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தபோது எங்களிடம் இருந்தது ஒரு பழைய கறுப்புக் கார். டாக்சியாக அவர் ஓட்டிப் பிழைத்த கார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, "சரி" என்ற ஒரே சொல்லைத் தவிர. சோறு வேண்டுமென்றாலும் சரி, வேண்டாமென்றாலும் சரி, கோபம் வந்தாலும் சரிதான். குரலையும் முகத்தையும் பார்த்து நான்தான் அர்த்தம் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அப்போது குவீன்ஸ்டவுனில் குடியிருந்தோம். நான் காலையில் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துவேன். நான் திரும்பும் வரை பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா அவரைப் பார்த்துக்கொள்வார். மதியம் வந்து, அவருக்குச் சோறு ஊட்டி, சட்டை மாற்றி, தேக்கா சந்தைப் பக்கத்தில் எண்ணெய் போட்டு நீவிவிடும் வைத்தியரிடம் கூட்டிப்போவேன். பஸ்ஸில் ஏற்ற முடியாது. அதனால்தான் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஆசைப்பட்டுக் கற்றதல்ல. ஸ்டீரிங்கைத் திருப்பித் திருப்பித் தோள்பட்டை இரண்டும் கடுக்கும்.

ஒருநாள் மழையில் சிராங்கூன் ரோட்டில் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் ஒரு மாட்டுவண்டி நின்றது. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், ஓரத்துச் சாக்கடைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. யாருக்கும் ஒன்றுமில்லை. இறங்கிப் பார்த்தேன். முன் டயர் இரண்டும் என் உள்ளங்கையைவிட வழவழப்பாக இருந்தன. ஒன்றில் நூல்கூடத் தெரிந்தது. இத்தனை நாள் அதை நான் குனிந்து பார்த்ததே இல்லை. பார்க்க எங்கே நேரம்?

வைத்தியரிடம் போகாமல் நேரே ஜாலான் புசார் பக்கத்து டயர் கடைக்கு ஓட்டினேன். கடை முதலாளி ஒரு சீனர். எங்களுக்குள் பொதுவாக இருந்தது மலாய் மட்டும்தான்.

"என்ன சைஸ்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. முன் டயர்களின் பக்கவாட்டில் எழுத்தெல்லாம் உரசி அழிந்திருந்தது. பின் டயரில் மண்ணைத் துடைத்துப் படித்தேன்: 5.60-15.

"முதல் நம்பர் டயரோட அகலம். அஞ்சு இஞ்ச், அதுக்கு மேல கொஞ்சம். பின்னால இருக்கறது உள்ளே இருக்கற இரும்பு ரிம். பதினஞ்சு இஞ்ச்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், இரண்டு புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். "ஐரோப்பாவுல இருந்து வந்தது. மழையில நல்லாப் பிடிக்கும். முன்னால போட்டுடலாம்."

குனிந்து படித்தேன். 155-15 என்றிருந்தது. காருக்குள் முன் சீட்டில் இருந்த கணவருக்குக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

"சரி," என்றார் அவர். முகம் சுருங்கியது. இடது கையால் கதவைத் தட்டினார். "சரி, சரி."

வேண்டாம் என்கிறார்.

"இது மில்லிமீட்டர் கணக்கு. அது இஞ்ச் கணக்கு. ரிம் ஒண்ணுதான், ஒண்ணும் பண்ணாது," என்றார் முதலாளி.

வகுப்பில் அடிக்கோலை வைத்துப் பாடம் நடத்துகிறவள் நான். நூற்றைம்பத்தைந்து மில்லிமீட்டர் என்றால் ஆறு இஞ்சுக்குச் சற்று மேலே. அரை இஞ்ச் கூடுதல். அதைச் சொன்னதும், அது பெரிய விஷயமில்லை என்று முதலாளி கையை ஆட்டினார். எனக்கும் வாங்கிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது. புடவையின் கீழ்பாதி நனைந்து காலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கதவு மறுபடி தட்டப்பட்டது. போய்க் குனிந்தேன். அவர் நான்கு விரலைக் காட்டித் தலையாட்டினார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, இல்லை என்று தலையை அசைத்தார். மூன்றாவது முறை காட்டியபோதுதான் எனக்குப் புரிந்தது.

"நாலும் இதையே போடலாம். ரெண்டு மட்டும் போடக்கூடாது. அதானே சொல்றீங்க?"

"சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்படியென்றால் ஆமாம்.

முதலாளியிடம் திரும்பி அதையே கேட்டேன். அவர் புது டயரைத் தட்டிக் காட்டினார். "இது ரேடியல். உள்ளே நூல் ஓடறதே வேற மாதிரி. உன் பழைய டயர் வேற மாதிரி. முன்னால மட்டும் ரேடியல் போட்டா, ஈர ரோட்டுல பின்பக்கம் வழுக்கி இழுத்துக்கும். உன் வீட்டுக்காரர் சொல்றது நிஜம்தான்." பழைய வகையில் அதே சைஸ் தன் தம்பி கடையில் இருக்கும் என்று போன் செய்தார். காத்திருக்கச் சொன்னார்.

காருக்குள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்தது. கோபமாக வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. "இதெல்லாம் நீங்க வாய் திறந்து சொல்லியிருந்தா எனக்கு எவ்வளவோ சுலபமா இருந்திருக்கும்," என்றேன். அவர் இடது கை நீண்டு வந்து என் ஈரமான முந்தானையைப் பிழிந்துவிட்டது. நான் வெளியே பார்த்தபடி அழுதேன். அவருக்கு நோய் வந்த பிறகு அவர் எனக்காகச் செய்த முதல் வேலை அது என்று நினைக்கிறேன்.

டயர்கள் வந்ததும் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அக்குளில் கைகொடுத்து இறக்கினேன். அவருடைய பாரம் முழுவதும் என் மேல் சாய்ந்தது. இடது கட்டை விரலால் ரப்பரில் புடைத்திருந்த எண்களைத் தடவிக்கொண்டே போனார். ஐந்து, ஆறு, சைபர். அடுத்த டயரிலும் அதே. அதன் பிறகுதான் மாட்டச் சொல்லி முதலாளிக்குத் தலையசைத்தார்.

அந்த டயர்கள் தேய்வதற்குள் அவருக்குச் சில சொற்கள் திரும்பி வந்தன. முதலில் தண்ணீர் கேட்டார். என் பெயர் வர வெகுகாலம் ஆயிற்று. கைத்தடி ஊன்றிப் படியிறங்கவும் பஸ் ஏறவும் பழகிய பிறகு காரை விற்றுவிட்டோம். வாங்க வந்தவரிடம் டயரைப் பற்றி அவரே திக்கித் திக்கிச் சொன்னார். நான் மறுபடி பஸ்ஸில் பள்ளிக்குப் போக ஆரம்பித்தேன். உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடுவேன்.