அவள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று அடிக்கப் பத்து நிமிடம். முதல் நாள் இரவிலிருந்து விடாத மழை. ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் தண்ணீர் தேங்கி நின்றதால், ஆட்டோக்காரர் எங்களை எதிர்ப்பக்கத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார். நோட்டரி வக்கீலின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. ஈரப் புடவையோடு என் மனைவி முத்திரைத்தாளின் மேல் குனிந்து, பேனாவைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட கை அது. எங்கே தொடங்குவது என்று அன்றைக்கு அதற்குத் தெரியவில்லை.

"பழைய மாதிரி போட்டுடாதீங்கம்மா. புதுப் பேர்லதான் போடணும். தப்பாயிட்டா வேற பத்திரம் வாங்கணும்" என்றாள் தட்டச்சு செய்து கொடுத்த பெண்.

"தெரியும்மா. கை ஒத்துக்கணும் இல்ல?" என்றாள் என் மனைவி.

அவளுடைய கையெழுத்து எப்போதும் 'ஞா' என்ற எழுத்தில்தான் தொடங்கும். அது அவளுடைய தகப்பனாரின் முதல் எழுத்து. அந்த எழுத்தை எழுதிவிட்டு, பேனாவை எடுக்காமல் ஓர் இழுப்பு இழுத்து, அதிலிருந்தே தன் பெயரைக் கிளப்புவாள். முன்னால் இருந்ததை எடுத்துவிட்டதும் பெயர் எழும்பவில்லை. வீட்டில் பழைய தேதித் தாள்களின் பின்பக்கத்தில் ஒரு வாரம் பழகிப் பார்த்திருந்தாள். பெயரை முதலில் எழுதி, அதன் பின்னால் என் பெயரை முழுசாக, ஐந்து எழுத்தும் விடாமல் எழுத வேண்டும். கடைசியில் எழுதினாள். பள்ளிக்கூடப் பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதியதுபோல், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக நின்றது.

அவளுடைய தகப்பனார் சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர். நான் அவரைப் பார்த்ததில்லை. மகளை ஆசிரியர் பயிற்சியில் சேர்க்க அவர் வாங்கிய கடன் தீர்ந்த வருடத்திலேயே, அவள் வேலையில் சேர்வதற்கு முன்பே, இறந்துபோனார். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால், வழக்கப்படி மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆலயத்தில் ஓலை வாசித்தார்கள். இன்னாரின் குமாரனாகிய இவருக்கும் இன்னாரின் குமாரத்தியாகிய இவருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று சபைக்கு முன் அறிவிப்பதுதான் ஓலை. அவளுடைய தகப்பனாரின் பெயருக்கு முன்னால் ஆயர் 'காலஞ்சென்ற' என்று சேர்த்தே மூன்று முறையும் வாசித்தார். மூன்று முறையும் அவள் தலையை நிமிர்த்தி உட்கார்ந்து கேட்டதை, ஆண்கள் பக்கத்திலிருந்து நான் பார்த்தேன். மணப்பெண் என்றால் அந்த நேரத்தில் குனிந்துகொள்வதுதான் வழக்கம்.

கல்யாணம் முடிந்து அவள் பள்ளிக்குத் திரும்பியதும் தலைமையாசிரியை கேட்டாராம்: "என்னம்மா, இனிஷியல் மாத்தலையா?" இவள், "எங்க அப்பா மாறலையே டீச்சர்" என்றாளாம். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. சம்பளப் பட்டியல், ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல், சபையின் குடும்பப் பதிவு என்று எல்லாவற்றிலும் ஒரே வீட்டில் இரண்டு இனிஷியலோடு நாங்கள் இருந்தோம். கணக்கெடுப்புக்கு வந்தவர் என்னைப் பார்த்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும் சார்?" என்று கேட்டிருக்கிறார். என் அண்ணன் பொங்கலுக்குப் பொங்கல் வந்து, "உன் பொண்டாட்டி இன்னும் அவங்க வூட்லதான் குடித்தனம் பண்றா போல" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் படுக்கப் போகும்போது அது நெருடும். கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். இரண்டு பக்கமும் ஒத்துப்போகாத கணக்கைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே தூக்கம் வராது.

எங்கள் ஒரே மகளுக்கு என் எழுத்து இருந்தது. கல்யாணமாகிக் கனடாவுக்குக் கிளம்பும் முன் அவள் என் பெயரை எடுத்துவிட்டு மாப்பிள்ளையின் பெயரைப் போட்டுக்கொண்டாள். அதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. "அங்க குடும்பத்துக்கே ஒரே பேர்தான்ப்பா இருக்கணும், இல்லன்னா எல்லா இடத்துலயும் பேஜார்" என்றாள். பெயர் போனால் போகிறது, பிள்ளை நன்றாக இருந்தால் சரி என்றுதானே எந்தத் தகப்பனும் சொல்லிக்கொள்ள முடியும்? இரண்டாவது குழந்தை பிறந்ததும் எங்களை நிரந்தரமாகவே அங்கே அழைத்துக்கொள்ள மனுப் போட்டாள். பேரப்பிள்ளைகள் இரண்டு பேரையும் என் மனைவி போனில் மட்டுமே பார்த்திருந்தாள். சின்னது போன் திரையை நக்கும்போது இங்கே இவள் கன்னத்தைக் கொண்டுபோய்க் காட்டுவாள். அந்தப் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொள்ள வேண்டும், அப்பாவின் எழுத்தும் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இரண்டும் சேர்ந்து கிடைக்காது என்று எங்களுக்குச் சொன்னது, விசா வேலை பார்த்துக் கொடுக்கிற ஒரு பையன். வேளச்சேரியில் கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம் வைத்திருந்தான்.

"பாஸ்போர்ட்ல இனிஷியல் வராது ஆன்ட்டி. சர்நேம்னு ஒரு பேர் முழுசா வேணும்" என்றான்.

"அப்படின்னா எங்க அப்பா பேரையே முழுசா போடு."

"போட்டா அங்க எல்லாரும் உங்கள அவர் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டுமே. இங்கதான் யாரும் கூப்பிடறதில்ல."

அவன் என்னைப் பார்த்தான். "அங்கிள், ரெண்டு பேர் பேரும் வேற வேறயா இருந்தா, நிஜமாவே புருஷன் பொண்டாட்டிதானான்னு கேள்வி வரும். ஃபைல் அப்படியே நின்னுடும். அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது."

அன்று இரவு மகளும் போனில் அதையே சொன்னாள். "நான் மாத்திக்கலையா? ஒரு பேர்ல என்னம்மா இருக்கு?" என் மனைவி போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பால் காய்ச்சப் போனாள். மறுநாள் காலையில், "சரி, உங்க பேரையே போட்டுக்கலாம்" என்றாள். ஆலய மணமக்கள் பதிவேட்டின் நகல் ஒன்றே போதும், பெயரை மாற்றவே தேவையில்லை என்று வெகு நாள் கழித்து வேறொருவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தோம். இன்று முதல் நான் இப்படியே அழைக்கப்படுவேன் என்கிற விளம்பரம். அதை அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தாள். "பாருங்க, கண்ணீர் அஞ்சலிக்குப் பக்கத்துலயே இடம் பிடிச்சிருக்கேன்" என்றாள். பிறகு அரசிதழ், ஆதார், பாஸ்போர்ட். பாஸ்போர்ட் அலுவலகத்தில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தபோது, ஒரு பெண் ஊழியர் என் பெயரை உரக்கக் கூப்பிட்டார். நான் எழுந்து நின்றேன். "உங்கள இல்ல சார், மேடத்தைக் கூப்பிட்டேன்" என்றார். மேடம் தன்னை அல்ல என்று நினைத்து, கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். அன்று நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். நாற்பது வருடக் கணக்கு நேராகிவிட்டது என்று தோன்றியது. வீடு திரும்பும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தவள், தாம்பரத்தில் இறங்கும்போது ஒன்று சொன்னாள்: "ஓலை வாசிச்சப்ப தடை இருந்தா சொல்லலாம்னு மூணு வாரம் டைம் குடுத்தாங்க. இதுக்கு அப்படி ஒண்ணும் இல்ல, பாத்தீங்களா?"

விசா வருவதற்கு முன்னால் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. போன வருடம் ஜூலையில் ஒரு காலை, துணி உலர்த்தும்போது கையிலிருந்த துண்டு நழுவியது. அதை எடுக்கக் குனிந்தவள் எழவில்லை. மருத்துவமனையில் வேளைக்கு ஒருமுறை ஒரு நர்ஸ் வந்து, பெயர் என்ன, இது எந்த ஊர், என்ன கிழமை என்று கேட்பார். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வழி அது. ஊர் சொன்னாள், கிழமை சொன்னாள். பெயரைக் கேட்டபோது, வாய் ஒரு பக்கம் கோணியிருந்தும், "ஞா" என்று தொடங்கித் தன் பழைய பெயரைத் தெளிவாகச் சொன்னாள்.

"பேர் தப்பா சொல்றாங்க டாக்டர்" என்றார் நர்ஸ், கட்டில் கட்டிலாகப் பார்த்து வந்த இளம் மருத்துவரிடம்.

"தப்பில்லைம்மா, அதுதான் அவங்க பேர்" என்றேன் நான்.

"ஆதார்ல உங்க பேர்தானே சார் போட்டிருக்கு?" என்றார் அந்த இளம் மருத்துவர். நின்றுகொண்டே நான் அவருக்கு விளக்கினேன். பாதிக்கு மேல் அவர் கேட்கவில்லை. நினைவில் குழப்பம் இருக்கிறது என்றே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர்கள் போனதும் அவள் என்னை அருகில் கூப்பிட்டாள். "என்னங்க, முதல் கேள்விக்கே மார்க் போச்சா?" என்று குழறலாகக் கேட்டாள். இடது பக்க உதடு மட்டும் சிரித்தது. அதன் பிறகு அவளுக்குப் பேச்சு திரும்பவில்லை. நான்காம் நாள் மதியம் போய்விட்டாள்.

மகள் வந்து அடக்கம் முடித்துவிட்டுத் திரும்பிப் போனாள். மகள் ஊர் திரும்பிய அதே மாதத்தில் எங்கள் இருவருக்கும் விசா வந்தது. என்னை மட்டுமாவது கிளம்பி வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். போனாலும் போவேன், தெரியவில்லை. கல்லறைக்குக் கல் வைக்கும் வேலையை அவளே அங்கிருந்து ஏற்பாடு செய்து, பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் பெயரைக் கல் கொத்துபவருக்கு அனுப்பிவிட்டாள். பணத்தை என்னிடம் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். நான் போய்ப் பார்த்தபோது, கறுப்புக் கல்லின் மேல் என் மனைவியின் பெயரையும் அதன் பின்னால் என் பெயரையும் வெள்ளை வண்ணத்தால் எழுதி, உளி வைக்கத் தயாராக இருந்தார்.

நான் அங்கே நின்றபடியே மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு அது பின்னிரவு. "அம்மாவோட பேப்பர் எல்லாத்துலயும் அப்படித்தானேப்பா இருக்கு?" என்றாள் தூக்கக் கலக்கத்தில்.

"அது அங்க வர்றதுக்காகப் போட்ட பேரும்மா. அவதான் வரலையே."

"உங்க இஷ்டம்ப்பா" என்றாள்.

பின்னால் இருக்கிற ஐந்து எழுத்தையும் அழித்துவிட்டு, முன்னால் ஒரே ஓர் எழுத்து போடுங்கள் என்று கல் கொத்துபவரிடம் சொன்னேன்.

"இன்னா சார், உன் பேரையா எடுக்கச் சொல்ற?" என்றார். "வூட்டுக்காரர் பேரு இருந்தாதானே அழகா கீது?"

"எனக்குன்னு ஒரு கல்லு வரும்ப்பா. அதுல இருக்கட்டும்."

அவர் ஈரத்துணியால் என் பெயரைத் துடைத்தார். அது ஒரே இழுப்பில் போய்விட்டது. பிறகு தூரிகையை எடுத்து, நான் தாளில் எழுதிக் காட்டியபடி, 'ஞா' என்று எழுதி ஒரு புள்ளி வைத்தார். "அஞ்சு எழுத்து போயி ஒண்ணுதான் வருது. உனக்குத்தான் லாபம் சார்" என்றார்.

அவளுக்கு என் பெயரை வைக்க, வேளச்சேரிப் பையனுக்குக் கொடுத்ததையும் சேர்த்து, எட்டாயிரத்து நானூற்றுப் பத்து ரூபாய் ஆகியிருந்தது. அவளுடைய தகப்பனாரைத் திரும்ப வைக்க எவ்வளவு என்று கேட்டேன். புள்ளிக்குக் காசு வாங்குவதில்லை, எழுத்துக்கு மட்டும்தான் என்றார். நாற்பது ரூபாய்.