தெற்கு பார்த்த சோலார்

மயில் அழகு என்று எழுதியவர்கள் யாரும் கடலை போட்டதில்லை என்றே நினைக்கிறேன். அரிமளம் பக்கம் எங்களுக்கு இருக்கிற ஒன்றரை ஏக்கரில் தொடர்ந்து இரண்டு முறை விதைத்தது நாங்கள், தின்றது மயில்கள். முருகனின் வாகனம் என்பதால் கல்லெடுக்கக் கை வராது. சட்டமும் அவற்றின் பக்கம்தான்.

மூன்றாவது முறை மார்கழியில் விதைத்தபோது மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள். பட்டா அவள் பெயரில் இருப்பதால் வந்த தெளிவு.

"இந்தத் தடவையும் மயிலு தின்னுச்சுன்னா தைலமரக் கன்ன வச்சுட்டு டவுனுக்கே போயிருவோங்க. அத ஆடும் திங்காது, மயிலும் திங்காது. நீங்க பாட்டுக்கு ஒங்க புஸ்தகத்தப் படிச்சுக்கிட்டு இருக்கலாம்."

தைலமரம் நிலத்தடி நீரை உறிஞ்சுவதைக் கண்டித்து மூன்று கட்டுரை எழுதியவன் நான். சொந்த மனைவியின் பெயரிலேயே ஒரு தைலமரத் தோப்பு நின்றால் நாலாவது கட்டுரையை எந்த முகத்தோடு எழுதுவது? இந்தக் கடலையை வீடு சேர்த்தே தீருவது என்று உறுதி பூண்டேன். நான் பூண்ட உறுதிகள் நிறைய உண்டு. இது ஒன்றுதான் பூண்டபடியே நின்றது.

மனிதப் பேச்சுக் குரல் கேட்டால் மயில் அண்டாது என்றார்கள். நாள் முழுக்க வரப்பில் நின்று பேச எனக்குச் சம்மதம்தான். மனைவிக்குச் சம்மதமில்லை. எனவே ரேடியோ. ஆனால் கரண்ட் கம்பம் எங்கள் வயலுக்கு வெகு தூரம் முன்னாலேயே நின்றுவிட்டது. அறுவடை வரை நாங்கள் தங்கியிருந்த கொட்டகைக்கும் கரண்ட் கிடையாது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தக அகலத்தில் சின்ன சோலார் தகடு, ஒரு சார்ஜர், திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் பேட்டரி இரண்டு ஜோடி. ஒரு ஜோடி ரேடியோவில் பேசும். மற்றது வெயிலில் சாப்பிடும்.

தை மாதச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தகட்டைத் தெற்கு பார்க்கச் சாய்த்து, கொட்டகை வாசலில் ஒரு பனங்கட்டையில் கட்டினேன். பக்கத்து வயல்காரரான பெரியப்பா மகன் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, தெக்க பாத்து வச்சிருக்கியே, எமனுக்கு வழி காட்டவா?"

"சூரியன் அங்கிட்டுத்தான்ணே போகுது."

"அவரு போவாரு. அவர யாரு கேக்கப் போறா? குடும்பத்துல இருக்கவன் நீ."

சிரித்து அனுப்பிவிட்டேன். அதன் பிறகுதான் ரேடியோ சோர்ந்தது. காலையில் செய்தி, விவசாய நிகழ்ச்சி, பட்டிமன்றம் என்று வெளுத்து வாங்கும். சாயங்காலம், சரியாக மயில்கள் இறங்கும் நேரத்தில், குரல் கம்மி, முனகி, அடங்கிவிடும். மேற்கு மூலையில் செடிகளைக் கிளறிப் பிஞ்சுக் கடலையைத் தின்றுவிட்டன. பேட்டரியைச் சந்தேகித்தேன். சார்ஜரைச் சந்தேகித்தேன். அது தயாரான நாட்டையே சந்தேகித்தேன். விளக்கக் குறிப்பை இரண்டு மொழிகளில் படித்து, இரண்டிலும் புரியாமல் வைத்தேன்.

ஒருநாள் மறந்துபோன கண்ணாடியை எடுக்க உச்சிப்பொழுதில் கொட்டகைக்கு வந்தேன். தகடு கிழக்கு பார்த்து, சூரியனுக்குப் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"யாரு இதத் திருப்புனது?"

"நாந்தான்," என்றாள் மனைவி, அரிசி களைந்துகொண்டே. "நீங்க வயலுக்கு எறங்குனதும் தெனமும் திருப்பி வச்சிருவேன். நீங்க வர்றதுக்குள்ள பழையபடி வச்சிருவேன். வெளக்க யாராவது தெக்க பாத்து ஏத்துவாங்களா?"

"இது வெளக்கு இல்லடி. திரியும் இல்ல, எண்ணெயும் இல்ல."

"வெளிச்சத்தப் புடிக்கத்தானே வச்சிருக்கு? ஒங்களுக்கு ஒண்ணுன்னா இந்தக் கடலைய வச்சு நான் என்ன பண்ண?"

என் பகுத்தறிவு முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில் ஒழுகிப்போனது. என் ஆயுள், என் கட்டுரை இரண்டில் அவள் தேர்ந்தெடுத்தது என் ஆயுளை. அதற்கு மறுப்புரை எழுத முடியாது. ஆனால் மேற்கு மூலை கண்ணில் நின்றது. தகட்டைக் கட்டையிலிருந்து அவிழ்த்தேன். நீல டிரம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் மல்லாக்கப் போட்டுக் கட்டினேன்.

"இப்ப மேல பாக்குது. ஆகாயத்துக்குத் திசை ஏது?"

அவள் டிரம்மை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "இது பரவால்ல."

மல்லாந்து கிடக்கும் தகட்டில் செம்மண் தூசு படியும். போதாததற்கு விடியலில் ஒரு ஆண்மயில் அதைச் சிம்மாசனமாக்கிக்கொண்டு, போகும்போது தன் முத்திரையையும் இட்டுவிட்டுப் போனது. தினமும் ஈரத்துணியால் துடைத்தேன்; மத்தியானம் இன்னொரு முறை. அண்ணன் வரப்பிலிருந்தே கத்துவார்:

"சூரியனுக்கு மொகம் கழுவியாச்சா தம்பி? பவுடரும் பூசி விடு!"

பூசச் சொன்னால் பூசியிருப்பேன். ரேடியோ இப்போது இருட்டும் வரை பேசியது. மயில்கள் வேலியோரம் நின்று கேட்டன; சிலசமயம் விவாதத்தில் சலித்துப் பக்கத்துத் தோப்புக்குத் திரும்பின. ஒன்றிரண்டு துணிந்து உள்ளே வந்தால், மீதிப் பேச்சை நான் பேசினேன்.

மேற்கு மூலை போனது போனதுதான். மற்ற இடத்தில் செடியைப் பிடுங்கினால் வேரில் கொத்துக் கொத்தாகக் கடலை தொங்கியது. களத்தில் காயவைத்தோம். மூட்டை பிடிக்கும்போது மனைவி முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முற்றிய திரட்சியான காய்களாகப் பார்த்துத் தனியே ஒரு சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். வறுக்க என்று நினைத்து ஒரு கை அள்ளினேன்.

"அதத் தொடாதீங்க. வெதைக்கு."

தைலமரக் கன்றைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒரு ஆசை வந்தது. அள்ளியதைச் சாக்கிலேயே போட்டுவிட்டு, கட்டுவதற்குக் கயிறு தேடப் போனேன்.